டிசி5 எஞ்சினை ஓவர்ஹாலுக்கு விடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் எனக்குப் பன்னிரண்டு வருஷமாக வேலை. பம்பு, கியர்பாக்ஸ், பேரிங் எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் எண்ணெய் இல்லாமல் சொந்தக் காடியின் (காரின்) எஞ்சினைத் தின்றுவிட்டான் என்றால் ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். பரவாயில்லை. என்னுடைய 14,300 வெள்ளி (ரிங்கிட்) எப்படிப் போனது என்று எழுதி வைக்கிறேன். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

காடி 2003ஆம் வருஷத்து ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், நம் ஆட்கள் டிசி5 என்பார்கள். சிங்கப்பூரில் ஆறு வருஷம் இருந்து சேர்த்த காசில், ஊர் திரும்பியதும் வாங்கியது. கே20ஏ எஞ்சின், 1,998 சிசி, 220 குதிரைத்திறன். எஞ்சின் வேகம் 6,000 ஆர்பிஎம் பக்கத்தில் போகும்போது விடெக், அதாவது வால்வுகளை இன்னும் அகலமாகத் திறந்துவிடும் ஏற்பாடு, மாறும். அப்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் பாதிப் பேர் இதை வாங்குகிறோம். அம்மாவுக்கு அது புல்வெட்டும் மெஷின் சத்தம். அந்த விடெக் மாறுவதே எண்ணெய் அழுத்தத்தால்தான். ஆக மொத்தக் காடியும் நாலரை லிட்டர் சொச்சம் மினியாக் ஹித்தாமை, அதாவது எஞ்சின் எண்ணெயை, நம்பித்தான் ஓடுகிறது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எப்போதும் போகிற ஒர்க்‌ஷாப்பில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினேன். முதலாளி கோவில் திருவிழாவில் கூடவே நின்று காவடி தூக்கியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்று வேலை செய்தது புதுப் பையன். நான் வெளியே தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பத்துமலையில் அக்கா பேரனுக்கு மொட்டை. நெடுஞ்சாலையில் தஞ்சோங் மாலிம் பக்கம் போகும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு ஒரு தரம் மினுக்கியது, அப்புறம் நின்று எரிந்தது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் உள்ளே, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, உலு பெர்ணாம் ஓய்விடம் இதோ வந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். அந்த விளக்கு எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது, அழுத்தம் போய்விட்டது என்றுதான் சொல்லும். அது எரிகிற நேரத்தில் கிராங்க் என்ற சுழல்தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தில் தேய்ந்துகொண்டிருக்கும். ஆலைக்குப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். ஓய்விடத்துக்குள் நுழையும்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம்.

அங்கே ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். மச்சானுக்கு அனுப்பலாம் என்று போனைக் காடிக்கு அடியில் நீட்டி நாலு படம் எடுத்தேன். எண்ணெய் வழிந்த இடம் தெரிந்தது, வேறு எதையும் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்துச் செய்தது மடத்தனம். இன்சூரன்ஸிலேயே இழுவை வண்டி இருக்கிறது, எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் கொண்டுபோகச் சொல்லியிருக்கலாம். நான் எண்ணெய் மாற்றிய இடத்து முதலாளி அண்ணனுக்கே போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அவர் லாரி வந்துவிட்டது, எனக்கு நன்றியால் கண் கலங்காத குறை. தப்பு யாருடையது என்று காட்டக்கூடிய ஒரே சாமானை, தப்பு செய்த இடத்துக்கே நானாக அனுப்பி வைத்தேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஃபில்டர் கழற்றியாகிவிட்டது. எங்கே என்று கேட்டேன், குப்பையோடு போய்விட்டதாம். "தம்பி, இது பழைய எஞ்சின் லா, எண்ணெய் குடிக்கும். நீ டிப்ஸ்டிக்கு பாக்குறதில்லையா?" என்றார், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைச் சொல்லி. முதல் நாள் மாற்றிய நாலரை லிட்டரை ஒரு காலைப் பொழுதில் எந்த எஞ்சின் குடிக்கும்? கேட்க வேண்டியது அதுதான், ஆனால் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிய குற்ற உணர்வு வாயைக் கட்டிவிட்டது.

இரண்டு வழி சொன்னார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காடியின் எஞ்சின் (ஹாஃப்கட் என்பார்கள்) ஒன்றை 16,000 வெள்ளிக்குப் போடலாம், எஞ்சின் நம்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இல்லை என்றால் இதையே முழுசாகப் பிரித்துப் பழுது பார்க்கும் ஓவர்ஹால் செய்யலாம், 8,500 ஆகும். அந்த "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" பேச்சை நம்பாதீர்கள். எஞ்சின் மாற்றினால் புஸ்பாகோம் போன்ற இடத்தில் வாகனச் சோதனை, ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவில் நம்பர் மாற்றம் எல்லாம் முறையாக நடக்க வேண்டும், இல்லையேல் காடியை விற்கும் நாளில் மாட்டிக்கொள்வோம். நான் ஓவர்ஹால் என்றேன். எதையும் எழுதி வாங்கவில்லை. திருவிழாவில் கூட நின்ற மனுஷனிடம் எப்படி எழுத்து கேட்பது?

ஒவ்வொரு வாரமும் ஒரு போன் வரும். "தம்பி, ஆயில் பம்பும் போச்சு." "தம்பி, டைமிங் செயினும் நீண்டு போச்சு, இப்பவே மாத்திட்டா நல்லது." எல்லாம் கேட்க நியாயமாகவே இருக்கும். எண்ணெய் போன எஞ்சினில் உலோகத் தூள் எல்லா இடத்துக்கும் போயிருக்கும் என்பது உண்மைதானே. பத்து வாரம் கழித்து வந்த பில் இது: கிராங்க் கிரைண்டிங், பேரிங் 1,900. பிஸ்டன் ரிங் 1,100. சிலிண்டர் ஹோனிங் 650. ஆயில் பம்பு 1,750. கேஸ்கெட்டும் சீலும் 1,200. செயின், டென்ஷனர் 1,350. ஹெட் வேலை 950. எண்ணெய், கூலன்ட், பிளக் 700. கூலி 3,500. கடைசி வரியில் "இதர செலவு" 1,200. பழைய சாமான்களைக் கேட்டேன். பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். மறுபடியும் அதே பதில், எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

740 கிலோமீட்டர். அதற்குமேல் ஓடவில்லை. 3,000 ஆர்பிஎம்மைக்கூடத் தாண்டாமல் பொத்திப் பொத்தி ஓட்டினேன். ஒரு நாள் வேலைக்குப் போகும்போது, தோட்டத்துப் பாலத்துக்குப் பக்கத்தில், அதே டக் டக்.

இந்தத் தடவை காடியை ஈப்போவுக்கு அனுப்பினேன். எங்கள் ஆலையின் ஷாஃப்ட் வேலைகளைச் செய்யும் சீன அங்கிள் ஒருவரின் மெஷின் ஷாப். பிரிக்கும்போது நானும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கிராங்கைத் துடைத்து மைக்ரோமீட்டரை வைத்தவர், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இனி புக்கான் கிரைண்ட். இனி கெர்த்தாஸ் பாசிர்." மெஷினே தொடவில்லை, மணல் காகிதம் போட்டுக் கையால் தேய்த்திருக்கிறார்கள். கிரைண்ட் செய்திருந்தால் கிராங்க் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்குத் தடித்த பேரிங் போட வேண்டும், 0.25 மில்லிமீட்டர் என்றால் அதற்கு ஏற்றது. கழற்றிய பேரிங்கின் முதுகில் "எஸ்டிடி" என்று குத்தியிருந்தது, அதாவது சாதாரண அளவு. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இடைவெளி, இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அவ்வளவு அகல ஓட்டையில் எண்ணெய் ஓடிப்போகுமே தவிர நிற்காது.

அங்கிள் அதோடு விடவில்லை. சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். ஹோனிங் என்றால் சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது; அப்படித் தேய்த்த சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரிய வேண்டும், இங்கே கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஆயில் பம்பின் உள்ளே பழைய கீறல்கள் அப்படியே இருந்தன. செயினும் பழையதே. விடெக்குக்கு எண்ணெயைத் திறந்துவிடும் சோலினாய்டுக்குள் ஒரு சின்னச் சல்லடை இருக்கும், அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினார். முதல் தடவை எண்ணெய் போனபோது வந்த உலோகத் தூள், மினுமினு என்று. கழுவக்கூட இல்லை.

முதலில் எண்ணெய் எப்படிப் போனது என்று கேட்டார். போனில் கிடந்த படங்களைக் காட்டினேன். ஒன்றைப் பெரிதாக்கி விரலை வைத்தார். ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து கறுப்பாக ஒரு ரப்பர் நாக்கு வெளியே தொங்குகிறது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். பார்க்காமல் புது ஃபில்டரை மேலே திருகினால் வளையத்தின் மேல் வளையம். நின்றபடி ஓடும்போது ஒழுகாது. நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறும்போது ஒன்று பிதுங்கும், அப்புறம் சில நிமிஷத்தில் எல்லா எண்ணெயும் ரோட்டில். ஒரு விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, தொழில் பழகுகிறவன் தப்பு செய்வான். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, குப்பையில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து டிப்ஸ்டிக் என்று சொன்னவர்தான் மனதில் நிற்கிறார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். விவகாரம் நடந்து 3 வருஷத்துக்குள் போக வேண்டும். பேரிங், பம்பு, செயின் எல்லாவற்றையும் ஒரு மீலோ டின்னில் போட்டு எடுத்துப் போனேன், கூடவே அங்கிள் எழுதிக்கொடுத்த அளவுகள். எண்ணெய் போன கதையையும் சொன்னேன். தலைவர் கேட்டது ஒரே கேள்வி: அந்த ஃபில்டர் எங்கே? இல்லை. விளக்கு எரிந்த பிறகு ஓட்டினீர்களா? ஓட்டினேன். எண்ணெய் போன வழக்கு அதோடு முடிந்தது. செய்யாத வேலைக்கும் போடாத சாமானுக்கும் வாங்கிய காசு மட்டும் திரும்பியது: கிராங்க், ஹோனிங், பம்பு, செயின், அந்த "இதர", மொத்தம் 6,850 வெள்ளி. கூலி 3,500 கிடைக்கவில்லை. கட்ட வேண்டிய கெடுவுக்கு முதல் நாள், அண்ணன் ஆளை அனுப்பிக் கொடுத்துவிட்டார்.

ஈப்போவில் இரண்டாம் ஓவர்ஹாலுக்கு 11,200 ஆனது. வேலை தொடங்குமுன்பே தாளில் விலை, பேரிங்கின் அளவும் பார்ட் நம்பரும் பில்லில், பழைய சாமான் எல்லாம் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையில். அந்தப் பைகள் இன்னும் வீட்டு வராந்தாவில் கிடக்கின்றன, வீட்டுக்காரி தினமும் திட்டுகிறாள். எண்ணெயை இப்போது நானே மாற்றுகிறேன். 900 கிலோமீட்டர் ஆகிவிட்டது, 6,000 ஆர்பிஎம் இன்னும் தொடவில்லை.