பம்ப் ஷாஃப்டுக்குச் செல் அமைப்பா, பிரிவுவாரி அமைப்பா?

பம்ப் உதிரிபாகங்களை பேட்ச் முறையில், அதாவது ஒரே பாகத்தைத் தொகுதி தொகுதியாகச் செய்யும் கோவைத் தொழிற்சாலைகள் பலவற்றில் லேத்துகள் ஒரு பக்கம், மில்லிங் ஒரு பக்கம், கிரைண்டிங் இன்னொரு பக்கம் என்று எந்திரங்கள் வகைவாரியாக, தனித்தனிப் பிரிவுகளாக நிற்கும். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஷாஃப்டுகளை, அதாவது பம்பின் சுழல்தண்டுகளை மட்டும் பிரித்து, அவற்றுக்கு வேண்டிய எந்திரங்களை ஓரிடத்தில் சேர்த்துச் செல் அமைத்தோம். அந்த முடிவில் எனக்கு நிறைவே. ஆனால் தொழிற்சாலை முழுவதையும் செல்களாக்கச் சொன்னால் தயங்குவேன்.

பிரிவுவாரி அமைப்பின் பலம் தெரிந்ததே. எந்த வேலை வந்தாலும் ஏதாவது ஓர் எந்திரம் கிடைக்கும். ஒன்று பழுதானால் பக்கத்து எந்திரம் தாங்கும். செல்லில் சரக்கின் அலைச்சல் குறையும், அளவுப் பிழை அடுத்த ஆபரேட்டரிடமே பிடிபடும். இவற்றைவிட முடிவைத் தீர்மானிப்பது செட்டிங் நேரம், அதாவது ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு எந்திரத்தை ஆயத்தப்படுத்தும் நேரம்.

ஒரு ஷாஃப்டை லேத்தில் கடைய 6 நிமிடம், செட்டிங்குக்கு 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஷாஃப்ட் ஓட்டினால் ஒன்றின் தலையில் விழும் செட்டிங் 0.9 நிமிடம், 10 மட்டும் ஓட்டினால் 9 நிமிடம், அதாவது கடைசலைவிட அதிகம். அதனால் பிளானிங் பிரிவு பேட்ச்சைப் பெரிதாக்கும், அந்தப் பெரிய பேட்ச் ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் வரிசையில் கிடக்கும். செல்லுக்குள் ஏறத்தாழ ஒரே விட்டமும் ஒரே வடிவமும் உள்ள ஷாஃப்டுகளே வருவதால், ஷாஃப்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை நகர்த்தி, வெட்டும் கருவியின் நிலையைச் சரிசெய்யும் ஆஃப்செட்டைத் திருத்தி, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடலாம். செட்டிங் 15 நிமிடமாக இறங்கினால், முன்பு 100 ஷாஃப்ட் ஓட்டிப் பெற்ற சிக்கனம் 17 ஷாஃப்டிலேயே கிடைத்துவிடும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, நடுவில் தேங்கும் சரக்கைத் தினசரி உற்பத்தியால் வகுத்தால் வருவதே சராசரியாக ஒரு பீஸ் உள்ளே கழிக்கும் நாட்கள்: நாளுக்கு 100 வெளியேறும் இடத்தில் 1,000 தேங்கினால் 10 நாள், 300 தேங்கினால் 3 நாள். எந்திரங்களை நகர்த்திவிட்டு பேட்ச்சை மட்டும் பழையபடியே வைத்திருப்பவர்களுக்கு நடைதூரம் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

எந்தப் பாகங்கள் ஒரே செல்லுக்குரிய குடும்பமாகும் என்பதை வரைபடத்தைவிட, ஒரு பாகம் எந்தெந்த எந்திரங்களுக்கு எந்த வரிசையில் செல்லும் என்று காட்டும் ரூட் கார்டே நன்றாகச் சொல்லும். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் பர்பிட்ஜ் 1960-களில் வகுத்த முறையும் இதுதான்: பாகங்களை ஒரு பக்கமும் எந்திரங்களை மறுபக்கமும் எழுதிக் கட்டம் போட்டு, ஒரே வழியில் செல்பவற்றைத் திரட்ட வேண்டும். எங்கள் ஷாஃப்டுகள் உடனே திரண்டுவிட்டன. வெப்பப் பதப்படுத்தும் உலை மட்டும் மற்றப் பாகங்களுக்கும் பொதுவாக வேண்டியிருந்ததால் செல்லுக்கு வெளியிலேயே நிற்கிறது. அங்கே வரிசை இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

ஆர்டர்களின் கலவை அடிக்கடி மாறும் ஜாப் வொர்க் தொழிற்சாலையில் குடும்பமே கலைந்து, செல்லுக்கென ஒதுக்கிய விலையுயர்ந்த கிரைண்டிங் எந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கக்கூடும். அங்கே பிரிவுவாரி அமைப்பே தேவலை. என் அனுபவம் உருளை வடிவப் பாகங்களோடு நிற்பதால், பம்பின் வெளிக்கூடான கேசிங் போன்ற பெரிய வார்ப்புகளுக்கு மேற்சொன்ன கணக்கை அப்படியே நீட்ட மாட்டேன்.

யோசிப்பவர்கள், எந்திரங்களை இருக்கும் இடத்திலேயே வைத்து, சிலவற்றில் ஒரே குடும்பத்தின் பாகங்களை மட்டும் கொஞ்ச காலம் ஏற்றிப் பார்க்கலாம். கிரைண்டிங் எந்திரத்தைப் பெயர்த்தால் அஸ்திவாரம், லெவல், மின் இணைப்பு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். ரூட் கார்டைத் திருத்துவதற்கு அந்தச் செலவு இல்லை.