சாரலை மழை என்று நம்பிய பெட்டி

போன வாரம் என் தானியங்கிப் பாசனப் பெட்டியின் மழை சென்சாரை மாற்றிய பிறகுதான் இதை எழுத மனம் வந்தது. புளியரையில் தென்னை வைத்திருக்கும் மைத்துனரும், "அத்தான், நானும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்று ஆண்டுகளாக என் செங்கோட்டைத் தோப்பில் சொட்டுநீரை அந்தப் பெட்டிதான் பார்த்துக்கொள்கிறது. மும்முனை மின்சாரம் எந்நேரம் வந்தாலும் மோட்டாரைப் போட்டுவிடும். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் நிறுத்திவிடும். நள்ளிரவில் டார்ச்சோடு வரப்பில் நடந்த காலம் போயிற்று. அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

ஆனால் ஆனியும் ஆடியும் வந்தால் என் பொறுமை போய்விடும். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவரும். இலை நனையும், சட்டை நனையும். மண்ணைக் காலால் கிளறினால் அடியில் புழுதி. பெட்டியோடு வந்த மழை சென்சார் வெறும் தட்டு. துளி பட்டு இரு கம்பிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்தால் அதற்கு அது மழை. எவ்வளவு பெய்தது என்ற கேள்வியே அதற்குக் கிடையாது. உடனே போனில் செய்தி வரும்: 'மழை பெய்கிறது, பாசனம் நிறுத்தப்பட்டது.' அதே திரையில், ஓரடி ஆழத்தில் புதைத்த ஈரப்பத சென்சார் 'மண் காய்ந்திருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் விதி எழுதியவர் மண் சென்சாரைவிட மழை சென்சாரின் சொல்லுக்கே முதலிடம் கொடுத்துவிட்டார். முதல் ஆண்டு நான் அந்தச் செய்தியை நம்பினேன். பதினொரு கன்றுகள் கருகின. அடுத்த இரண்டு ஆண்டும் சாரல் காலத்தில் மோட்டாரைக் கையால்தான் போட்டேன்.

'சூழல் அறிந்து செயல்படும்' என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். அனிந்த் டே என்ற கணினி ஆய்வாளர் 2001-ல் தந்த விளக்கப்படி, ஒன்றின் நிலையைச் சொல்ல உதவும் எந்தத் தகவலும் சூழல்தான். என் மண்ணின் வறட்சி அதில் சேராதா?

இப்போது வைத்திருப்பது கவிழும் கிண்ண மழைமானி. 0.2 மில்லிமீட்டர் சேர்ந்தால் ஒருமுறை கவிழ்ந்து எண்ணிக்கொள்ளும். ஐந்து மில்லிமீட்டர் தாண்டி, மண்ணும் ஈரமாக இருந்தால் மட்டும் நிறுத்தும்படி விதியை மாற்றச் சொன்னேன். நான்கு நாள் சாரலில் ஒருமுறைகூடப் பாசனம் தவறவில்லை. பார்க்கப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனாலும் மைத்துனரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவர் தோப்பு கணவாயின் வாசலிலேயே இருக்கிறது. அந்த ஒரு வரி விதியை மாற்றவே நிறுவனத்தின் ஆள் நேரில் வர வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு மூன்று சாரல் காலம் ஆயிற்று. தோப்புக்காரர் கையாலேயே விதியைத் திருத்த விடும்வரை, வாங்கு என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.