வேலையிடக் காயம்: இழப்பீட்டுச் சட்டமா, சிவில் வழக்கா?

சிங்கப்பூரின் துவாஸில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடி. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி மனிதவள அமைச்சில் மனுவா (கீழே "சட்டம்"), வக்கீல் வைத்து முதலாளி மேல் சிவில் வழக்கா (கீழே "வழக்கு")? ஒன்றில்தான் பணம் வாங்க முடியும், இரண்டிலும் சேர்த்து வாங்க முடியாது.

நிரூபிக்க வேண்டியது
சட்டம்: காயம் வேலை நேரத்தில், வேலையால் வந்தது என்பது. யார் தவறு என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.
வழக்கு: முதலாளியின் கவனக்குறைவு. உங்கள் கவனக்குறைவும் இருந்தால் தொகை குறையும்.

எதில் போனாலும் சறுக்குவது முதல் மருத்துவக் குறிப்பில்தான். "முதுகுவலி, மூன்று நாள் எம்சி (மருத்துவ விடுப்பு)" என்று மட்டும் இருந்தால், காப்புறுதி நிறுவனம் பழைய வலி என்று தள்ளப் பார்க்கும். "ரூம்ல வழுக்கி விழுந்ததா சொல்லிடு தம்பி" என்று சூப்பர்வைசர் சொன்னால் தலையாட்டாதீர்கள். தேதி, மணி, எந்த மாடி, கையில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். சாரத்தை அன்றே படமெடுங்கள், மறுநாள் பிரித்திருப்பார்கள். பக்கத்தில் நின்றவரின் போன் எண்ணும் வேண்டும்.

கெடு
சட்டம்: விபத்து நாளிலிருந்து 1 ஆண்டு.
வழக்கு: பொதுவாக 3 ஆண்டு.

தொகை
சட்டம்: வயது, சம்பளம், ஊன விழுக்காட்டை வைத்துக் கணக்கு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளில் நிரந்தர ஊனத்துக்கு உச்சவரம்பு 346,000 சிங்கப்பூர் வெள்ளி.
வழக்கு: உச்சவரம்பு இல்லை, வலி வேதனைக்கும் கேட்கலாம்.

செலவு
சட்டம்: வக்கீல் கட்டாயமில்லை.
வழக்கு: தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம்.

விரல் நுனி போனவர், சாட்சி இல்லாதவர் சட்டத்தோடு நிற்பது நல்லது. இளவயது, கடும் ஊனம், முதலாளியின் தவறு பளிச்சென்று தெரிகிறது என்றால் வழக்கு. ராணுவப் பயிற்சியில் அடிபட்ட தேசிய சேவையாளருக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.