குமிழ் திருகும் கேமராவோடு ஏழு வருஷம்

ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளந்து ஃபோகஸ் செய்கிற ஃபிலிம் கேமரா) வாங்கப்போகிற நண்பர் ஒருவர், ‘ஃபிலிமை நகர்த்தக் குமிழ் திருகுவதா, லீவர் வைத்ததா, எதை எடுக்கட்டும்?’ என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. என் கேமரா சர்வீஸ் முடிந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

லென்ஸிலும் ஃபோகஸிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. வம்பெல்லாம் குமிழோடுதான். ஒரு படம் எடுத்ததும் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, இரண்டு விரலால் பிடித்துப் பாதி, விட்டுப் பிடித்து மீதி என்று திருக வேண்டும். அதற்குள் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை மூக்கு நோண்ட ஆரம்பித்திருக்கும். லைக்கா எம்3 என்ற கேமரா 1954-லேயே லீவரோடு வந்துவிட்டது. ஆரம்பத்தில் அதை இரண்டு தடவை தள்ள வேண்டும்; அதற்கே அலுத்துக்கொள்கிறவர்கள் ஒரு ரோல் இதைத் திருகிப் பார்க்கட்டும்.

ஃபிலிமை மட்டும் இழுப்பதென்றால் இவ்வளவு கனக்காது. ஒரு படத்துக்கு ஃபிலிம் ஓரத்தில் எட்டுத் துளை, அதாவது 38 மில்லிமீட்டர் நகர வேண்டும்; அதே திருகலில் ஷட்டர் திரையும் ஸ்பிரிங்கை எதிர்த்து இழுபட வேண்டும். போதாததற்கு உள்ளே கிரீஸ் வேறு இறுகிக் கிடந்தது.

ஒரு தடவை குமிழ் வழக்கத்தைவிட லேசாகத் திரும்பியது. ‘பரவாயில்லையே, பழகப் பழக இளகிவிட்டதே’ என்று சந்தோஷமாகச் சுட்டுத் தள்ளினேன். 36 படத்து ரோலில் கவுண்டர் 38-ஐத் தாண்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஃபிலிம் நுனி, அதைச் சுருட்டி இழுக்கிற ஸ்பூலில் மாட்டவே இல்லை. ரோலைத் திரும்பச் சுற்றுகிற ரீவைண்ட் குமிழ், ஃபிலிம் நகர்ந்தால் சுற்றுமே, அது கூடவே சுற்றுகிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். விரல் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

ரோல் முடிவதும் அப்படித்தான், குமிழில் விரலுக்கே தெரிந்துவிடும். இரவல் வாங்கிய லீவர் கேமராவில் 36-க்கு மேல் இன்னும் ஒன்று கிடைக்குமா என்று பேராசையில் தள்ளினேன். கர்ரென்று துளைகள் கிழிந்தன. லீவருக்குப் பலம் அதிகம், என் கைக்கு அது தெரியவில்லை.

இப்போது சர்வீஸில் கிரீஸை மாற்றியதும் குமிழ் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. எனக்கோ நிம்மதி போயிற்று. ஒவ்வொரு படத்துக்கும் ரீவைண்ட் குமிழையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று சந்தேகம் தாங்காமல் பின்மூடியைத் திறக்கக்கூடப் போய்விட்டேன்.

நண்பரே, யோசிக்காமல் லீவரே வாங்குங்கள். என்னுடையதை மட்டும் விலைக்குக் கேட்காதீர்கள்.