பாசல் யூத வரலாற்று நடை: நல்லது, ஆனால் தலைகீழ்

சுவிஸில் பாசல் நகருக்கு வந்து பதினெட்டு வருசம். வேலைக்குப் போகும் டிராம் தினமும் ஸ்டட்காசினோ மண்டபத்தைக் கடக்கும். யூதர்களுக்குப் பலஸ்தீனத்தில் ஒரு தாயகம் கேட்ட இயக்கத்தின் முதலாவது மாநாடு, அதாவது முதலாவது சியோனிச மாநாடு, 1897 ஓகஸ்டில் அதற்குள்தான் நடந்தது என்பது போன ஞாயிறு வரைக்கும் எனக்குத் தெரியாது. மகளின் பள்ளிக்கூட ஒப்படைக்காக, ஆளுக்கு 25 பிராங் கட்டி இந்த இரண்டு மணி நேர நடைக்குப் போனோம்.

ரைன் கரையில், ட்ருவா ருவா ஹோட்டல் முன்னால் தொடக்கம். பால்கனிக் கம்பியில் சாய்ந்து நிற்கும் தியோடர் ஹெர்சலின் (அந்த மாநாட்டைக் கூட்டியவர்) படத்தைத் தூக்கிக்காட்டி, “1897” என்றார் வழிகாட்டி. மகள் போனைத் தட்டிப் பார்த்தாள். பேசாமல் இரு என்று கண் காட்டினேன், ஆனாலும் அவரிடம் கேட்டுவிட்டாள். அது 1901இல், ஐந்தாவது மாநாட்டின்போது ஓவியர் லிலியன் எடுத்த படம். மனிதர் கோபிக்காமல் திருத்திக்கொண்டார்.

ஸ்டட்காசினோ வாசலில் சொன்ன கதைகள் திறம். மாநாடு முதலில் மியூனிக்கில் நடக்க இருந்ததாம். அங்கிருந்த யூதர்களே வேண்டாம் என்றார்கள்: ஜெர்மன் குடிமக்களாக வாழும் தங்கள் விசுவாசத்தைச் சந்தேகிப்பார்களே என்ற பயம். இங்கே வந்தபிறகு, எல்லோரும் வாலுள்ள கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் போட்டே ஆகவேண்டும் என்று ஹெர்சல் நின்றார். சாதாரணக் கோட்டில் வந்த, தன் நெருங்கிய கூட்டாளி மாக்ஸ் நோர்டாவையே திருப்பி அனுப்பி மாற்றவைத்தார். தீர்மானத்தில் மட்டும் “அரசு” என்ற சொல் கிடையாது. பலஸ்தீனத்தில் பொதுச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட ஒரு தாயகம் என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லை எங்கே எழுதுவது, எங்கே விழுங்குவது என்ற கணக்கு எங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் விளங்கும். யூத அரசைப் பாசலில் நிறுவிவிட்டேன், ஐம்பது வருசத்தில் எல்லோரும் காண்பார்கள் என்று ஹெர்சல் தன் நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைத்தார். பலஸ்தீனத்தை யூத அரசு, அரபு அரசு என்று பிரிக்கும் ஐ.நா. தீர்மானம் வந்தது 1947 நவம்பரில்.

பலஸ்தீனத்தில் ஏற்கெனவே குடியிருந்த அரபுச் சனத்தை வழிகாட்டி ஒரே வசனத்தில் தாண்டினார். 1948இல் ஏழு லட்சம் பேரளவில் வீடு இழந்தார்கள். ஒரு வசனம் காணாது.

என் பெரிய குறை வேறு. ஹெர்சல் ஏன் இதற்குள் இறங்கினார் என்பதற்கு, பொய்யாக உளவுக் குற்றம் சுமத்தப்பட்ட யூத இராணுவ அதிகாரி டிரெய்ஃபஸ் பாரிசில் அவமானப்படுத்தப்பட்டதைப் பார்த்ததுதான் காரணம் என்று சொல்லி முடித்தார். பாரிஸ் வரைக்கும் போவானேன்? 1349 ஜனவரியில் இதே ரைனில், ஒரு தீவில் மரவீடு கட்டி, பாசல் யூதர்களை அதற்குள் அடைத்து எரித்தார்கள். யூதர்கள் கிணற்றில் நஞ்சு போட்டுக் கொள்ளைநோயைப் பரப்பினார்களாம். நோய் அப்போது ஊருக்குள் வந்தே இருக்கவில்லை. இதைக் கடைசி ஐந்து நிமிடத்தில், பாலத்தில், டிராம் சத்தத்துக்குள் அவசரமாகச் சொன்னார். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

லைமென்ஸ்ட்ராச தெருவிலுள்ள யூத ஜெபாலயத்தடியில் நின்றது பத்து நிமிடம். 1893இல் இந்த நாட்டு மக்கள் வாக்குப் போட்டு யூத முறை அறுப்பைத் தடைசெய்ததை அங்கேதான் சொன்னார். தடை இன்னும் இருக்கிறது. யூத முறைப்படி அறுத்த கோஷர் இறைச்சி வெளிநாட்டிலிருந்து வருகிறது. மாநாட்டுக்கு நாலு வருசம் முந்திய சங்கதி, அதை ஸ்டட்காசினோவிலேயே சொல்லியிருக்கலாம். இரட்டைக் குவிமாடம் அழகு. மகள் படம் எடுக்கப் போக, காவலுக்கு நின்றவரைக் காட்டி, போனை உள்ளே வை என்றார் வழிகாட்டி. ஏன் காவல் என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் நீளமானது, நேர்மையானது. அந்த ஒன்றுக்கே காசு தகும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஜெர்மன் விளங்கவேண்டும். பிள்ளைகளோடு போவதென்றால் கால் மணி முந்தி வந்து, பாலத்து நடுவிலுள்ள சின்னக் கோயிலடியில் நின்று 1349ஐ நீங்களே சொல்லிவிட்டு, பிறகு ஹோட்டலடிக்குப் போங்கள்.