மாடித் தொட்டிக்கு எந்த மல்லி: குண்டா, முல்லையா, பிச்சியா?

மூன்றுமே மணக்கும், மூன்றுக்கும் நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், மூன்றுமே வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதில் பேச ஒன்றுமில்லை. பங்குனி, சித்திரை, வைகாசியில் தினமும் ஒரு கைப்பிடி மொட்டாவது கிடைக்குமா என்பதை முடிவு செய்வது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. அதைச் சுலபமாகச் செய்ய விடும் செடி குண்டுமல்லி. மாடிக்கு அதைத்தான் சொல்வேன்.

பிச்சியை முதலில் தள்ளிவைக்கலாம். வட மாவட்டங்களில் ஜாதிமல்லி என்பார்கள். மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடும், வாசனையும் மென்மையானது. ஆனால் கிளைகள் நீண்டு நாலாபுறமும் சாயும், தொட்டிக்குள் அடங்காது. வயலிலேயே செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர் விடுவார்கள். குண்டுமல்லிக்கு ஒன்றேகால் மீட்டர் போதும். அதோடு பிச்சியின் முழு வேகம் ஆடியை ஒட்டித்தான். வேனிலில் பூக்கத்தான் செய்யும், சரம் கட்டுமளவு எதிர்பார்க்க வேண்டாம்.

முல்லை நல்ல போட்டி. பங்குனியிலேயே தொடங்கிவிடும். சிக்கல் பந்தலில்தான். முல்லையை ஜனவரி கடைசியில் 45 செ.மீ. உயரத்துக்கு வெட்ட வேண்டும். பந்தலில் ஏற்றிய கொடியை அப்படி வெட்ட யாருக்கு மனம் வரும்? நிழல் போய்விடுமே என்று விட்டால், பின்னிக்கிடக்கும் கொடிக்குள் காய்ந்த குச்சி சேரும், பூ கைக்கு எட்டாத மேல்நுனியில் மட்டும் வரும். இலையில் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் தெரிந்தால் அது சிலந்திப் பேன். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். முல்லைதான் வேண்டும் என்பவர்கள் இந்தத் தொல்லையைத் தாங்கக்கூடிய பாரிமுல்லை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி குண்டுமல்லி. வயல்காரர்கள் நவம்பர் கடைசியில் கவாத்தைத் தொடங்கிவிடுவார்கள். மாடியில் அந்த அவசரம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நிற்காமல் வெட்டினால், வெட்டு வாயில் நீர் இறங்கி குச்சி மேலிருந்து கீழாகக் கருகும். மழை ஓய்ந்த மார்கழி முதல் பாதி சரியான காலம். தைக்குத் தள்ளினால் முதல் பூவும் பிந்தும்.

வெட்டுவதற்கு நான்கைந்து நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். தரையில் 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டுவார்கள், 15 அங்குலத் தொட்டிக்கு 30 செ.மீ. போதும். கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, நடுவில் நெருங்கி நிற்கும் மெல்லிய குச்சி எல்லாம் அடியோடு போகட்டும். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். மொட்டைக் குச்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பூ வருவது புதுத் தளிரில்தான். தடித்த வெட்டு வாய்களில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவலாம். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, இரண்டு கிலோ மட்கிய தொழுவுரத்தோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்பித் தண்ணீர் விடுங்கள். யூரியா ஆசை வேண்டாம். இலை தளதளவென்று வரும், மொட்டு வராது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. குண்டுமல்லி தளிர் நுனியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக மொட்டு வைக்கும். அந்தக் கொத்து முடிந்ததும் நுனியை இரண்டு கணு இறக்கிக் கிள்ளிவிட வேண்டும். கீழ்க்கணுக்களில் இருந்து தளிர் கிளம்பி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த சுற்றுப் பூ வரும். கிள்ளாத செடி பங்குனியில் ஒரு முறை கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளாக மாறும். அது இரும்புச் சத்துக் குறைவு, ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். மொட்டு ஊதா நிறமாகிச் சுருங்கினால் மொட்டு ஈ, மொட்டில் துளை இருந்தால் புழு. இரண்டுக்கும் முதல் வேலை, அந்த மொட்டுகளைப் பறித்து அழிப்பது. செடியடியில் உதிர விட்டால் அடுத்த சுற்றும் போச்சு. அதன் பிறகு மாலையில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சோப்புக் கரைசலோடு.

ஆண்டு முழுக்கப் பூக்கும் நட்சத்திர மல்லியையும் இப்போது நர்சரிகளில் கொடுக்கிறார்கள். தரையில் நன்றாக வருகிறது. தொட்டியில் நாலைந்து வருடம் தாங்குமா என்று அடித்துச் சொல்லும் அளவு அனுபவம் சேரவில்லை.

கன்று வாங்கும்போது ராமநாதபுரம் குண்டுமல்லி என்று கேளுங்கள். தங்கச்சிமடம் பக்கத்துக் கன்றுகள் பல ஊர்களுக்கும் போகின்றன. பெயர் சொல்லாமல் ‘மல்லி’ என்றால் அடுக்குமல்லியும் கைக்கு வரலாம்; பூ அழகுதான், சரம் தொடுக்கத் தோதுப்படாது.