ஊறிய பருத்திக்கொட்டையும் உலர்ந்த தானியமும் அரைக்கும் 2 எச்.பி. தீவன இயந்திரம்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் ஆறு கறவை மாடுகளும் இரண்டு கிடாரிகளும் மூன்று கன்றுகளும் இருக்கின்றன. கொங்குப் பகுதியில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை இரவில் ஊற வைத்து, காலையில் ஆட்டித் தண்ணீர்த் தொட்டியில் கலந்து வைப்பது நெடுநாள் வழக்கம். என் தாயார் அதை ஆட்டுக்கல்லில் ஆட்டினார். பிறகு கோயம்புத்தூரில் வாங்கிய சாய்க்கும் கிரைண்டர் வந்தது. மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் மட்டும் ஊருக்குள் இருக்கும் மாவு மில்லுக்கு வண்டியில் ஏற்றிச் சென்று அரைத்து வருவோம். இரண்டு வேலைகளையும் ஒரே இயந்திரத்தில் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்ட 2 எச்.பி. அரவை இயந்திரத்தை 31,500 ரூபாய்க்கு வாங்கினேன். அது வந்து 14 மாதங்கள் ஆகின்றன. வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் என் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. வட்டமான இரும்பு அறைக்குள் சுழலும் தண்டில் பீட்டர் எனப்படும் இரும்புப் பட்டைகள் தொங்குகின்றன. மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றுகிறது. பெரிய புல்லியிலிருந்து சிறிய புல்லிக்குப் பெல்ட் போவதால் தண்டு அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. மேலே உள்ள கூம்பில் கொட்டும் தானியத்தைப் பட்டைகள் அடித்து உடைக்கின்றன. அறையின் அடிப்பாகத்தில் பொருத்திய சல்லடையின் துளையைத் தாண்டும் அளவுக்கு உடைந்த பிறகே அது கீழே விழும். எனவே அரவையின் பதத்தை முதன்மையாக முடிவு செய்வது சல்லடைதான். எனக்கு 2, 4, 8 மில்லிமீட்டர்த் துளைகள் கொண்ட மூன்று சல்லடைகளைக் கொடுத்தார்கள். ஈர அரவைக்காகக் கூம்பின் பக்கவாட்டில் சிறு தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறது.

உலர் தானியத்தில் இந்த இயந்திரத்தின் வேலை எனக்கு முழு மனநிறைவைத் தந்திருக்கிறது. 8 மி.மீ. சல்லடையில் 20 கிலோ மக்காச்சோளம் 12 நிமிடங்களில் குருணைப் பதத்துக்கு வந்துவிடுகிறது. அதே அளவை 2 மி.மீ. சல்லடையில் மாவாக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, மோட்டாரும் நன்றாகச் சூடேறிவிடுகிறது. சோளத்துக்கு 4 மி.மீ. சல்லடை பொருந்துகிறது. கம்பு சிறிய தானியம் என்பதால் பெரிய துளையில் உடையாமலே நழுவிவிடும். அதற்கு 2 மி.மீ. சல்லடையைத்தான் போட வேண்டும். கடலைப் புண்ணாக்கையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் சம்மட்டியால் தட்டிக் கைக்குள் அடங்கும் துண்டுகளாக்கிப் போட்டால் சிக்கலின்றி அரைபடுகின்றன. பெரிய கட்டியாகப் போட்டால் பெல்ட் வழுக்கும். வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டையையும் உடைத்திருக்கிறேன். இரைச்சல் மிகுதி என்றாலும் வேலை நடக்கிறது.

சரியாக உடைகிறதா என்பதை நான் இயந்திரத்தின் வாயில் பார்ப்பதைவிடச் சாணத்தில்தான் பார்க்கிறேன். இரண்டு கைப்பிடி சாணத்தை ஒரு பழைய சல்லடையில் இட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினால், செரிக்காமல் வந்த தானியம் கண்ணுக்குத் தெரியும். மில்லில் அரைத்த காலத்தில் முழு மக்காச்சோளம் அவ்வப்போது தென்படும். இப்போது அது அரிதாகிவிட்டது.

பதத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. விற்பனை செய்தவர் இந்த இயந்திரம் மைதாவைப் போல அரைக்கும் என்பதையே பெரிய சிறப்பாகச் சொன்னார். நானும் அதை நம்பி முதல் மாதம் முழுவதும் மக்காச்சோளத்தை 2 மி.மீ. சல்லடையில் அரைத்து வைத்தேன். பால் சங்கத்தில் 4.1 காட்டிக்கொண்டிருந்த கொழுப்பு அளவு 3.6க்கு இறங்கியது. சாணம் இளகியது, மாடுகள் படுத்து அசை போடும் நேரமும் குறைந்ததைக் கண்டேன். கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது தீவனத்தின் பதத்தைத்தான். மாவாகிப்போன தானியத்தின் மாவுச்சத்து முதல் வயிற்றில் மிக வேகமாக நொதித்து அமிலத்தைப் பெருக்கும், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் தளர்ந்துபோகும், பாலின் கொழுப்புக்கு மூலமாக இருப்பது நார் செரிப்பதால் கிடைக்கும் சத்துதான் என்று அவர் விளக்கினார். குருணைப் பதத்துக்கு மாற்றி, வைக்கோலையும் சோளத்தட்டையும் சற்றுக் கூட்டிய பிறகு இரண்டு வாரங்களில் கொழுப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. நான் இரண்டையும் ஒன்றாக மாற்றியதால் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் மாட்டுத் தீவனத்துக்கு நைசான அரவை ஒரு சிறப்பே அன்று என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. கோழிக்குஞ்சுக்கும் மனிதருக்கும் மாவு வேண்டியிருக்கலாம். அசை போடும் விலங்குக்குக் குருணையே போதும்.

பருத்திக்கொட்டைக்கு வருகிறேன். இந்த இயந்திரத்தை நான் வாங்கியதே அதற்காகத்தான், அதிகம் கற்றுக்கொண்டதும் அதில்தான். ஜின்னிங் மில்லிலிருந்து வரும் கொட்டையின் மேல் பஞ்சு மயிர் ஒட்டியிருக்கும். அதை உலர்ந்தபடியே போட்டால், அடிபட்ட பஞ்சு சல்லடைத் துளைகளில் மெத்தையைப் போலப் படிந்து, சில நிமிடங்களில் அறை அடைத்துக்கொள்கிறது. விளம்பரத் தாளில் உலர் பருத்திக்கொட்டையும் அரைபடும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது சரியில்லை. மூன்று முறை முயன்று, மூன்று முறையும் மோட்டாரை நிறுத்திச் சல்லடையைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டியிருந்தது.

ஊற வைத்தால் நிலைமை முற்றிலும் வேறு. குறைந்தது எட்டு மணி நேரம் ஊறிய கொட்டையை 8 மி.மீ. சல்லடையில், குழாயில் தண்ணீர் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது சிறிது சிறிதாகத் தள்ளினால் தடங்கல் வருவதில்லை. ஆறு மாடுகளுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ கொட்டை ஊற வைக்கிறோம். அது பத்து நிமிடங்களுக்குள் முடிகிறது. சாய்க்கும் கிரைண்டரில் இதே அளவை இரண்டு ஈடாகப் போட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்போம். விடியற்காலை நாலரை மணிக்குப் பால் கறக்க எழும் வீட்டில் இந்த அரை மணி நேரத்தின் அருமை பெரிது. தண்ணீர் குறைந்தால் உடனே பஞ்சு சுற்றத் தொடங்கும். மிகுந்தால் கொட்டை முழுதாகவே வழிந்துவிடும். அந்த அளவு கைக்குப் பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இயந்திரத்தில் வருவது ஆட்டுக்கல்லில் வரும் வெண்ணெய் போன்ற விழுது அன்று. ஒவ்வொரு கொட்டையும் மூன்று நான்கு துண்டாக உடைந்து, பருப்பு நசுங்கி, தோலும் பஞ்சும் தனியே மிதக்கும் கரகரப்பான கலவை அது. இதைக் குறையாகச் சிலர் சொல்லக் கேட்டேன். நான் அப்படிக் கருதவில்லை. பருத்திக்கொட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், அதைவிடச் சற்று அதிகமாகப் புரதம். விழுதாக ஆட்டினால் அந்த எண்ணெய் முழுவதும் ஒரே நேரத்தில் வயிற்றில் பரவி நார்ச் செரிமானத்தைக் கெடுக்கக்கூடும். கரகரப்பாக உடைந்திருந்தால் அசை போட்டு மெல்லும்போது சிறிது சிறிதாகவே வெளிப்படும். வெளிநாட்டுப் பண்ணைகளில் பஞ்சோடு கூடிய முழுக் கொட்டையையே அரைக்காமல் மாட்டுக்குப் போடுகிறார்கள். எங்கள் மாடுகள் தொட்டித் தண்ணீரில் கலந்து குடித்துப் பழகியவை என்பதால் நாங்கள் உடைத்து வைக்கிறோம், அவ்வளவே.

அரைத்த கலவையை அந்த வேளையே வைத்துவிட வேண்டும். கோடையில் காலையில் அரைத்தது மதியத்துக்குள் புளித்து நாற்றமெடுக்கிறது. இயந்திரத்தையும் உடனே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் கழுவியாக வேண்டும். மறந்து விட்டால் அறையின் மூலையில் தங்கிய பருப்பு மறுநாள் பூஞ்சை பிடிக்கிறது.

குறைகள் என்று பார்த்தால், பெரியது துருதான். என்னுடையது சாதாரண இரும்பு அறை. உட்புறம் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான்கே மாதங்களில் பெயிண்ட் உரிந்து, துரு படிந்த தண்ணீர் வரத் தொடங்கியது. அறையும் கூம்பும் மட்டும் எவர்சில்வரில் செய்த அதே இயந்திரம் அப்போது 7,000 ரூபாய் கூடுதலாக இருந்தது. அதை வாங்காமல் விட்டதற்கு வருந்துகிறேன். உலர் தானியம் மட்டும் அரைப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. நாள்தோறும் ஈரம் படும் என்றால் எவர்சில்வரைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது.

இரண்டாவது, பேரிங். ஈர அரவையின்போது தண்டு வழியாகத் தண்ணீர் கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு பேரிங் கத்தத் தொடங்கி மாற்ற வேண்டியதாயிற்று. விற்பனையாளரை அழைத்தேன், ஓராண்டு உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். வாங்கும்போது அப்படி அவர் பிரித்துச் சொல்லவில்லை. உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிக் கொடுத்து, தண்டில் ரப்பர் சீல் ஒன்றையும் பொருத்தினார். அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கிறேன், கசிவு நின்றிருக்கிறது. பீட்டர் பட்டைகளின் முனை மழுங்கியதால் பதினோராம் மாதத்தில் அவற்றைத் திருப்பிப் போட்டோம்; அரவை வேகம் மீண்டது.

மூன்றாவது குறையை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெல்ட்டை மூடும் கூண்டு இல்லாமலே இயந்திரத்தை அனுப்பியிருந்தார்கள். கேட்டபோது தனியாக 900 ரூபாய் கட்டச் சொன்னார்கள். மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்பவர்கள் துண்டும் சேலை முந்தானையும் வேட்டியுமாக இருப்பவர்கள். ஓடும் பெல்ட்டில் துணியின் ஒரு நுனி சிக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூண்டு வந்து சேரும் வரை இயந்திரத்தை ஓட்டவில்லை. கூம்பின் வாயும் கை உள்ளே போகும் அகலத்தில் இருக்கிறது. அடைத்துக்கொண்டால் மரக்கட்டையால் தள்ளுவது, சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகே சல்லடையைக் கழற்றுவது என்று வீட்டில் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். ஈரத் தரையில் ஓடும் இயந்திரத்துக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துக்கொள்வதும் கட்டாயம். கூம்புக்குள் நானாக ஒரு காந்தத்தை ஒட்டியிருக்கிறேன். தானிய மூட்டையோடு வரும் ஆணியும் கம்பித் துண்டும் அதில் பிடிபடுகின்றன. அவை பீட்டரைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, மாட்டின் வயிற்றுக்குள் போனால் அங்கிருந்து இதயம் வரை குத்தி உயிரையே எடுக்கும்.

சிங்கிள் பேஸ் மோட்டார் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கில் ஓடுகிறது. எங்கள் தொழுவம் வீட்டிலிருந்து தள்ளி இருப்பதால் முதலில் இழுத்திருந்த மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் இறங்கி, மோட்டார் கிளம்பும்போதே முனகியது. தடித்த ஒயர் போட்ட பிறகு சரியாயிற்று. மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட் ஆகிறது. தானியமும் கொட்டையும் சேர்த்து மாதம் 20 யூனிட் வரை கணக்கு வருகிறது. முன்பு மில்லுக்குக் கொடுத்த அரவைக் கூலியும் வண்டிச் செலவும் சேர்ந்து மாதம் 1,700 ரூபாய் ஆகும். அந்தக் கணக்கில் பார்த்தால், பழுது செலவையும் சேர்த்து, போட்ட பணம் திரும்ப 20 மாதங்கள் ஆகும்.

பணத்தைவிட நான் பெரிதாக மதிக்கும் பயன் வேறு. அரைப்பதற்கு முன் தானியத்தை நம் கையால் அள்ளிப் பார்க்கிறோம். அரைத்த தீவனத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளமோ கசந்துபோன புண்ணாக்கோ கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு மாட்டின் உடலில் உருமாறிப் பாலிலும் இறங்கும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அந்தப் பாலைக் குடிப்பவர்களில் குழந்தைகளும் உண்டு. நிறம் மாறிய தானியத்தை நான் இப்போது மூட்டையோடு திருப்பி அனுப்புகிறேன். அதைப்போலவே சாயம் ஏறிய பருத்திக்கொட்டை என்ன விலைக்குக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது; அது விதைப்புக்காகப் பூச்சிமருந்தில் நேர்த்தி செய்தது.

பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. வளர்ந்த மாட்டின் வயிறு அதைத் தாங்கிக்கொள்ளும். அசை போடும் வயிறு இன்னும் உருவாகாத இளங்கன்று தாங்காது. இயந்திரம் வந்து வேலை எளிதாகிவிட்டது என்பதற்காகக் கன்றுக்கும் ஒரு கை வைத்துவிடக் கூடாது. கோழிக்கும் அது ஆகாது. முட்டையை வைத்திருக்கும்போது மஞ்சள்கரு பச்சை பாய்ந்துவிடும். ஆகவே கோழிக்குக் கம்பு அரைக்கும் நாளில் இயந்திரத்தை நன்றாகக் கழுவிக் காய வைத்த பிறகே போடுகிறோம்.

இரண்டு மூன்று மாடுகள் வைத்திருப்பவருக்கு இந்த இயந்திரம் தேவையில்லை; சாய்க்கும் கிரைண்டரும் பக்கத்து மில்லும் போதும். நான்கிலிருந்து பத்து மாடுகள் வரை 2 எச்.பி. சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் திரீ பேஸ் இணைப்போடு பெரியதைப் பார்ப்பதே நல்லது. கடைகளில் எப்போதும் உலர்ந்த மக்காச்சோளத்தைப் போட்டுத்தான் ஓட்டிக் காட்டுகிறார்கள். எந்த இயந்திரமும் அதை உடைத்துவிடும். முந்தின இரவே இரண்டு கிலோ பருத்திக்கொட்டையை ஊற வைத்து, ஒரு மூடி போட்ட வாளியில் எடுத்துச் சென்று, அதை உங்கள் கண் முன்னால் அரைத்துக் காட்டச் சொல்லுங்கள். அரைத்து முடித்ததும் சல்லடையைக் கழற்றி, துளைகளில் எவ்வளவு பஞ்சு நிற்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள்.